ஏறின கியரில் இறங்கு

தேய்ந்த பிரேக் டிஸ்க்கின் விளிம்பில் வயல் வரப்பு மாதிரி ஒரு மேடு நிற்கும். பேட் உரசும் இடம் நாளாவட்டத்தில் தேய்ந்து இறங்கிவிட, பேட் படாத ஓரம் மட்டும் பழைய உயரத்திலேயே தங்கிவிடுவதால் வருவது. எங்கள் நாற்றுப் பண்ணையின் பழைய பிக்கப்பைச் சமீபத்தில் ஷெட்டில் விட்டபோது, முன் சக்கரத்தைக் கழற்றிய தம்பி அந்த மேட்டை நகத்தால் தட்டிக் காட்டினான்.

"டிஸ்க் போயிருச்சுங்க்கா. லேத்துல புடிக்கக்கூடக் கனம் இல்ல."

நானும் விரலை ஓட்டிப் பார்த்தேன். வரி வரியாகக் கோடு. விரல் நுனி கருத்துப்போனது. இரும்புத் தூளும் கருகிய பேட்டும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும், மேட்டுப்பாளையம் ஊட்டி ரோட்டில் முன்பு இருந்த தகரக் கொட்டகை ஒன்று கண்முன் வந்து நின்றது. இந்தத் தம்பியின் தாத்தா நடத்திய பட்டறை அது. மேஸ்திரி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

அப்பா அப்போது ஒரு உருளைக்கிழங்கு மண்டிக்கு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நீலகிரிக் கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோஸும் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கி வந்துதான் ஊர் ஊராகப் பிரியும். போகும்போது உரம், அரிசி, சிமெண்ட், ஏதாவது கிடைத்தது, கிடைக்காவிட்டால் காலி. வரும்போது மட்டும் கட்டாயம் முழு லோடு. பாரத்தோடு இறங்குவதுதான் அவர் பிழைப்பு. ஏற்றத்தைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதே இல்லை. இறக்கத்தைப் பற்றி ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும், அம்மா இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருக்கும்.

மண்டி முதலாளியிடம் இருந்தது டாட்டா 407. 1986-இல் வந்த மாடல். வந்த புதிதில் எங்கள் பக்கத்தில் அதைப் பார்க்கவே கூட்டம் நின்றதாகச் சொல்வார்கள். நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக். டிரம்முக்கு ஒரு குணம் உண்டு: சூடேறினால் அது வெளிப்பக்கமாக விரியும், உள்ளே இருக்கும் ஷூவைவிட்டு விலகும். அதனால் பிரேக்கை இன்னும் ஆழமாக மிதிக்க வேண்டும். மிதிக்க மிதிக்கச் சூடு, சூடேற ஏற விலகல். மலையிறக்கத்தில் இது தொடங்கிவிட்டால் கால் தரையைத் தொடும்வரை போகும். அப்பா எல்லா டிரைவர்களுக்கும் தெரிந்த அதே பாடத்தைத்தான் சொல்வார்: எந்த கியரில் ஏறினாயோ அந்த கியரில் இறங்கு. வேகத்தை இன்ஜின் பிடித்து வைத்துக்கொள்ளட்டும், பிரேக் வளைவுக்கு மட்டும் போதும். எல்லோருக்கும் தெரியும் என்பது வேறு, கடைப்பிடிப்பது வேறு. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு, அதற்கும் மேலே போய் இன்ஜினையே அணைத்துவிட்டு இறங்குகிறவர்கள் அன்று நிறையப் பேர். இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கைகொடுக்கும் வேக்குவம் பூஸ்டரும் கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும். அப்புறம் முழு பலத்தையும் காலே கொடுக்க வேண்டும். மிச்சம் பிடித்த டீசல் எத்தனை ரூபாய்க்கு இருக்கும் என்று அப்பா கணக்குப் போட்டுக் காட்டுவார். ஒரு டீயும் ஒரு வர்க்கியும் வாங்கலாம்.

மலை ரயில் கல்லாற்றைத் தாண்டும்போது எதிரில் ரோட்டில் நாங்கள் நின்றால், அப்பா வண்டியை ஓரங்கட்டிப் பார்க்கச் சொல்வார். 1899-இல் குன்னூர் வரை ஓடத் தொடங்கிய ரயில். கல்லாறிலிருந்து குன்னூர் வரை நடுவில் பல்சட்டம் உண்டு. பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு அது. அப்பாவுக்கு இன்ஜின் பெரிதில்லை, புகை பெரிதில்லை. ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் கொடியோடு ஒருவர் நிற்கிறார் அல்லவா, அவர்தான் பெரிது. டிரைவர் விசில் கொடுத்தால் பெட்டிப் பெட்டியாக பிரேக்கைச் சுற்றிப் பிடிக்கிறவர்.

"பாரு கண்ணு, ஏத்தறதுக்கு ஒரே இன்ஜின். இறக்கறதுக்குப் பொட்டிக்கு ஒரு ஆளு."

பட்டறைக்கு அப்பா ஞாயிற்றுக்கிழமைகளில் போவார். நானும் தொற்றிக்கொள்வேன். தங்கச்சி வரமாட்டாள், கிரீஸ் ஒட்டும் என்பாள். எனக்கு அங்கே ஒரு வேலை இருந்தது. பிரேக்கைப் பிரித்து மூட்டினால் குழாய்க்குள் காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றுவதற்குப் பெயர் ஏர் எடுப்பது. வண்டிக்குள் ஒருவர் மிதிக்க, அடியில் ஒருவர் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். கடைப் பையன் டீ வாங்கப் போயிருந்தால் மேஸ்திரி என்னைத்தான் ஏற்றிவிடுவார். சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாது; நுனிக்கு நகர்ந்து ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதிப்பேன். அடியிலிருந்து குரல் வரும்.

"மிதி அம்மிணி… மிதி… மிதி… புடிச்சுக்க. விடாத!"

அவர் நிப்பிளைத் தளர்த்திய நொடியில் காலுக்கடியில் பெடல் மெதுவாகத் தரையை நோக்கிப் போகும். ரப்பர் குழாய் வழியாகப் பாட்டிலுக்குள் எண்ணெய் குமிழ்விட்டுக்கொண்டு வரும் சத்தம் கேட்கும். "இப்ப விடு." திரும்பவும் முதலிலிருந்து. குமிழ் நிற்க நிற்கப் பெடல் இறுகும். கடைசியில் என் முழுக் கனத்தையும் போட்டாலும் பாதியில் நின்றுவிடும். அந்த இறுக்கம் வந்ததை அவர் சொல்வதற்கு முன்பே என் கால் சொல்லிவிடும். இப்போதும் எந்த வண்டியில் ஏறினாலும் சாவி போடுவதற்கு முன் ஒரு தடவை பிரேக்கை மிதித்துப் பார்ப்பது அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம்தான்.

அந்தக் காலத்தில் ஒன்றை மாற்றுவது என்பது கடைசி யோசனை. ஷூவில் லைனர் தேய்ந்தால் ஷூவைத் தூக்கிப் போட மாட்டார்கள். உளியால் பழைய ரிவிட்டுகளைத் தட்டி எடுத்து, புது லைனரை வைத்து, நடு ஓட்டையிலிருந்து தொடங்கி இரண்டு பக்கமும் மாறி மாறி ரிவிட் அடித்து, முனைகளை அரத்தால் சரிவாக ராவி விடுவார்கள். டிரம்மில் மேடு பள்ளம் இருந்தால் லேத் பட்டறைக்குப் போகும்; அங்கே சுருள் சுருளாகச் சீவி, பளபளவென்று திரும்பி வரும். லைனர் பெட்டிகள் சென்னையிலிருந்து வரும். 1962-இல் பிரேக்ஸ் இந்தியாவும், 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸும் பாடியில் தொடங்கப்பட்டன. நாட்டில் ஓடுகிற வண்டிகளில் எத்தனையோ சென்னைப் புறநகர்ச் சரக்கில்தான் நின்றன. அப்போதைய லைனர்களில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதியே அந்தத் தூசியை விரட்டுவார் மேஸ்திரி. நாங்களெல்லாம் சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருப்போம். இன்று நினைத்தால் பகீரென்கிறது. அன்று அது பட்டறைக்குப் பட்டறை நடந்தது.

கையிருப்பில் இல்லாத சாமான் வேண்டுமென்றால் பழைய சாமானையே காகிதத்தில் சுற்றி, சீட்டு எழுதி, கோயம்புத்தூர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிடுவார்கள். அவர் கடையில் சேர்ப்பார், சாயங்கால டிரிப்பில் புதுசு வந்து இறங்கும். கண்டக்டருக்குக் காசு கொடுத்தால் வாங்க மாட்டார். அவர் வீட்டு மொபெட்டுக்கு மேஸ்திரி காசு வாங்க மாட்டார்.

மேஸ்திரியிடம் நான் வாய் பிளந்து பார்த்தது வேறொன்று. டிரம்மைக் கழற்றிப் பார்த்தே வண்டி ஓட்டியவனைச் சொல்லிவிடுவார். அப்பாவுக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் வேறொருவர் வண்டியை எடுத்துப் போயிருந்தார். எழுந்து வந்த அப்பா ஒன்றும் சொல்லாமல் வண்டியைப் பட்டறையில் விட்டார். டிரம்மைக் கழற்றிய மேஸ்திரி அதை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். உள்பக்கம் அங்கங்கே நீலம் பாய்ந்திருந்தது. இரும்பு அளவுக்கு மீறிச் சூடேறினால் அந்த நிறம் வரும். ஓரத்தில் மயிரிழை அளவுக்கு ஒரு விரிசல் வேறு.

"இது உங்க கால் இல்லீங்ளே. எவன் ஓட்டுனது?"

அப்பா சொன்னார்.

"கல்லாத்துல நிறுத்தித் தண்ணி ஊத்தியிருக்கான்."

விசாரித்ததில் அப்படியேதான் நடந்திருந்தது. பிரேக் புகைகிறதென்று பயந்து, ஆற்றுத் தண்ணீரை வாளியில் மோந்து ஊற்றியிருக்கிறார் அந்த மனிதர். கொதிக்கிற வார்ப்பிரும்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் விரிசல் விடும். ஓரமாக நிறுத்தி, கல் வைத்து, தானாக ஆறவிடுவது ஒன்றே வழி. அந்த டிரம்மை லேத்துக்குக்கூட அனுப்பாமல் பழைய இரும்புக் குவியலில் வீசினார் மேஸ்திரி. அவர் வீசி நான் பார்த்த சாமான்கள் குறைவு.

டிஸ்க் பிரேக் எங்கள் பக்கத்து லோடு வண்டிகளுக்கு வந்தது ரொம்பப் பிந்தி. இங்கிலாந்தில் லான்செஸ்டர் 1902-லேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். 1953-இல் டிஸ்க் போட்ட ஜாகுவார் கார் லெ மான் பந்தயத்தில் ஜெயித்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்கு வந்து சேர ஏறக்குறைய நூறு வருடம் பிடித்திருக்கிறது. முதல் பிக்கப் பட்டறைக்கு வந்த அன்று மேஸ்திரி முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்த வைத்து உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. மூடி இல்லை, சேறும் மழையும் நேராகப் படும், இது எப்படி நிற்கும் என்பது அவர் கேள்வி. அது நின்றது. மழைத் தண்ணீரைச் சுற்றும் வேகத்தில் உதறியது. திறந்து கிடப்பதால் காற்றில் சீக்கிரம் ஆறியது. சூட்டில் விரிந்தாலும் பேட்டை நோக்கியே விரிந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் மேஸ்திரி வாயை மூடிக்கொண்டார். ஒரே ஒரு குறை மட்டும் கடைசிவரை இருந்தது அவருக்கு. "பேடை உருவு, பேடைச் சொருகு. இதுல நமக்கென்ன வேலை?"

அவர் காலமாகிப் பல வருடங்களாகிவிட்டது. கொட்டகை இருந்த இடத்தில் இப்போது பேக்கரி. பேரன் கொஞ்சம் உள்ளே தள்ளி, சிமெண்ட் தரையும் லிஃப்டும் போட்டு ஷெட் வைத்திருக்கிறான்.

பிக்கப்பை வாங்கியது அப்பாதான், மண்டி வேலையை விட்ட பிறகு, செகண்ட் ஹேண்டில். முட்டி வலிக்க ஆரம்பித்ததும் என்னிடம் தள்ளிவிட்டார். காப்பி, மிளகு, பட்டர் ஃப்ரூட் நாற்றுகளை ஏற்றிக்கொண்டு கோத்தகிரிக்கும் அதற்கு அப்பாலும் போய் வருகிறது. ஓட்டுவதற்கு ஒரு இளம் பையனை வைத்திருக்கிறேன். நல்ல பையன், நாற்றுத் தட்டுகளைக் கண்ணாடிப் பாத்திரம் கணக்காக இறக்கி வைப்பான்.

டிஸ்க் மாற்றுகிற அன்று அப்பா ஷெட்டுக்கு வந்தே தீருவேன் என்றார். பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கழற்றிய டிஸ்க்கை மடியில் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி, திருப்பித் திருப்பிப் பார்த்தார். நீலத் திட்டுகள். தலையைத் தூக்காமலே கேட்டார்.

"யாரு ஓட்டறது?"

எங்கள் பையன் போனை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நகர்ந்தான்.

ஆனால் மேஸ்திரியின் பேரன் வேறு ஒன்றைக் கண்டுபிடித்திருந்தான். கழற்றிய இரண்டு பேட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். வெளிப் பேட்டில் இன்னும் பாதி இருக்கிறது. உள் பேட் தகட்டைத் தொட்டுவிட்டது. காலிப்பர் வழுக்கி நகர்கிற பின் துருப்பிடித்து இறுகிவிட்டால் இப்படித்தான் ஆகும். காலை எடுத்த பிறகும் உள் பேட் டிஸ்க்கை விடாமல் உரசிக்கொண்டே வரும். "தாத்தா, இது டிரைவர் தப்பில்லீங். பின் ஜாம் ஆயிருக்குது." அதைச் சுத்தியலால் தட்டி வெளியே எடுத்துக் காட்டினான். ரப்பர் உறை கிழிந்து, பின் முழுக்கத் துரு.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். நிறம் சாட்சி சொல்லும், ஆனால் குறுக்கு விசாரணையும் வேண்டும். அப்பா கொஞ்ச நேரம் பின்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"செரி. அந்தப் பக்கத்தையும் கழட்டு."

எப்படியும் கழற்ற வேண்டியதுதான். டிஸ்க்கை ஜோடியாகத்தான் மாற்றுவார்கள், இல்லாவிட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். கழற்றினான். அந்தப் பக்கத்துப் பின் வெண்ணெயாக நகர்ந்தது. இரண்டு பேட்டும் சமமாகத் தேய்ந்திருந்தன. டிஸ்க்கில் நீலம் மட்டும் இருந்தது. அப்பா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். வெளியே பார்த்து, "தம்பி, உள்ள வா சாமி" என்று மிகவும் அன்பாகக் கூப்பிட்டார்.

எங்கள் வண்டியில் டிஸ்க் ஹப்போடு போல்ட் போட்டு இணைந்திருப்பதால், அதை எடுக்க ஹப்பையே கழற்ற வேண்டும். காலிப்பரைக் குழாயில் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டி வைத்தான் பேரன். ஹப் மூடி, லாக், நட்டு, வாஷர், வெளிப் பேரிங் என்று ஒவ்வொன்றாகத் துணியில் வரிசை வைத்தான். புது டிஸ்க்கின் மேல் துருப்பிடிக்காமல் பூசியிருந்த எண்ணெயைத் தின்னர் போட்டுத் துடைத்தான். டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டே இருந்தான். அங்கே ஒரு துருப் பொட்டு மாட்டினாலும் டிஸ்க் ஆடும், அந்த ஆட்டம் பெடலில் துடிக்கும். மேஸ்திரி இதற்கு ஒரு சாக்பீஸை அசையாமல் பக்கத்தில் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றுவார். மேடான இடத்தில் மட்டும் கோடு விழும். பேரன் காந்தம் வைத்த டயல் கேஜை நிறுத்தி முள்ளைப் பார்த்தான்.

பேரிங்குக்கு கிரீஸ் வைக்கும்போது மட்டும் கருவி எதையும் எடுக்கவில்லை. இடது உள்ளங்கையில் ஓர் உருண்டை கிரீஸ். வலது கையால் பேரிங்கின் அகன்ற ஓரத்தை அதில் அழுத்தி அழுத்தித் தட்டினான். உருளைகளுக்கு நடுவில் நுழைந்த கிரீஸ் மறுபக்கம் சின்னச் சின்ன முளைகளாக எட்டிப் பார்த்தது. சிறிது திருப்பி மறுபடியும் தட்டல். முழுச் சுற்று முடியும்வரை யாரும் பேசவில்லை. "கை மேஸ்திரியோடதுதான்" என்றார் அப்பா, என்னிடம்.

பிரேக் ஆயில் கறுத்திருந்ததால் அதையும் மாற்றிவிடலாம் என்றான். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த வரம்பு 140-க்கு இறங்கிவிடும். மலையிறக்கத்தில் எண்ணெய் கொதித்து ஆவியானால் மிதிப்பது காற்றைத்தான். ஏர் எடுக்க நான் சீட்டில் ஏறத் தயாராக இருந்தேன். அவன் சுவரோரத்திலிருந்து ஒரு சின்ன இயந்திரத்தை இழுத்து வந்து நிப்பிளில் மாட்டினான். அதுவே உறிஞ்சிக்கொண்டது. மிதிக்க ஆள் தேவைப்படவில்லை.

வண்டியைக் கீழே இறக்கியதும் நகர்த்துவதற்கு முன் பெடலை நாலைந்து தடவை அடிக்கச் சொன்னான். பிஸ்டனை உள்ளே தள்ளிப் பேட் போட்டிருப்பதால் முதல் மிதி வெறுமனே போகும். பிறகு காரமடை ரோட்டில் சமதளத்தில் மிதமாகப் பிடித்துப் பிடித்து விட்டு, பேட்டும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழகவிட்டோம். உடனே மலையேறக் கூடாது என்பது பேரன் உத்தரவு. பழைய டிஸ்க் இரண்டையும் நாங்களே எடைக்குப் போட்டோம். கொடுத்த காசு டீக்குச் சரியாகப் போனது.

மறுநாள் காலையில் அப்பா வேட்டி கட்டித் தயாராக நின்றார். கேபினில் மூன்று பேர் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தோம். கல்லாறு தோட்டக்கலைப் பண்ணையைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கியதும் பையன் கியரைக் குறைத்தான். பர்லியார் வரை ஏறி, மங்குஸ்தான் வாங்கி, திரும்பினோம். "எதுல ஏறுன?" என்று கேட்டார். "செகண்டுங்க." "அதுலயே வா. நான் சொல்ற எடத்துல மட்டும் கால வையி."

இன்ஜின் உறுமிக்கொண்டு வண்டியைப் பிடித்துக்கொண்டது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. பின்னால் கார்கள் சேர்ந்தன, சுற்றுலாப் பேருந்து ஒன்று சேர்ந்தது, ஹாரன் தொடங்கியது. பையனுக்குக் காது சிவந்துவிட்டது. அப்பா இடது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, ஒதுங்க இடம் கிடைத்தபோதெல்லாம் போ போ என்று வழிவிட்டுக்கொண்டே வந்தார். ஒரு அகலமான திருப்பத்தில் நாங்கள் ஓரத்தில் நின்றதும், எங்களைத் தாண்டிப் போன கார்க்காரர் ஒருவர் தலையை நீட்டி, "என்ன பெருசு, வண்டில பிரேக் இல்லையா?" என்று கத்தினார்.

"இருக்குதுங்க தம்பி, நேத்துத்தான் புதுசு போட்டோம்" என்றார் அப்பா. "அதான் செலவு பண்ணாம வர்றோம்!"